பிறந்தகத்துச் சீர்

தமிழ்நாட்டுப் பிராமண இல்லங்களின் விவாகங்களில் இன்றும் விடாது நடைபெற்றுவருகிற சில காரியங்களைச் சற்று நிதானமாக நோக்குகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழாமற் போகாது. முப்பது பிராயத்தை எட்டிய மணமகனையும், அவனுக்கு இரண்டொரு வயது இளையவளும் பட்டமும் உத்தியோகமும் உடையவளுமான மணமகளையும், அவரவர் மாமன்மார் மூச்சு வாங்கத் தோளிலே தூக்கிக்கொண்டு மாலை மாற்றச் செய்கிறார்கள். ஊஞ்சலில் உட்கார்த்தி ஆட்டுகிறார்கள். பின்னர் நலங்கு என்று சொல்லி இருவரையும் எதிரெதிரே அமர்த்தி, தேங்காயை உருட்டவும், ஒருவர் தலையைச் சுற்றி மற்றவர் அப்பளத்தை உடைக்கவும் விட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். இவையெல்லாம் எதற்கு என்று புரோகிதரைக் கேட்டால், சம்பிரதாயம் என்பார். அந்தச் சம்பிரதாயம் ஏற்பட்ட காலத்தில் தோளில் ஏறியவர்கள் தூக்குவதற்குக் கனமில்லாத குழந்தைகள் என்பதும், நாட்கணக்கில் நீண்ட அக்காலத்து விவாகத்தில் அவர்கள் அழாமலும் உறங்கிவிடாமலும் இருப்பதற்கு ஏதேனும் விளையாட்டு வேண்டியிருந்தது என்பதும், புரோகிதர் சொல்ல மறந்த எஞ்சிய விடை.

1897ஆம் ஆண்டில் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதிக்கும் கடையத்துச் செல்லம்மாளுக்கும் விவாகம் நடந்தபோது மணமகனுக்கு வயது 14, மணமகளுக்கு 7. 1909இல் கணித மேதை இராமானுஜன் மணந்த ஜானகிக்கு வயது 10. தாலி ஏறிய பின்னும் அந்தச் சிறுமிகள் பெரும்பாலும் பிறந்தகத்திலேயே இருந்து, பூப்பெய்திய பிறகே புக்ககத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிற வகுப்பினர் பலரிடையே பூப்புக்குப் பின்பே விவாகம் என்பது வழக்கமாயினும், அங்கும் ருதுவான பெண்ணை நெடுநாள் வீட்டில் வைத்திருப்பது கௌரவமாகக் கருதப்படவில்லை. பால்ய விவாகத்தைக் கண்டித்தவர்களும் ஆதரித்தவர்களும் எழுதிக் குவித்த வாதங்களை வாசித்தால், அவர்கள் அனைவரும் அந்தச் சிறுமியையும் அவள் கணவனையும் மாத்திரமே கருதினார்கள் என்பது புலப்படும். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவன் இருந்தான். திண்ணையிலே அவளோடு பல்லாங்குழியும் தாயமும் ஆடி, மாங்காய்ப் பிஞ்சுக்காக அவள் சடையைப் பிடித்திழுத்து, அவளால் கோள் சொல்லப்பட்டு அடியும் வாங்கிய சிறுவன். ஒருநாள் வில்வண்டி கட்டி அவளை ஏற்றி அனுப்பிய பின் எதிரே விளையாட ஆளில்லாமல் நின்றவன். தமிழ்க் குடும்பங்களில் சீர் என்றும் செய்முறை என்றும் வழங்குகிற நீண்ட கொடுக்கல் வழக்கத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், அந்தச் சிறுவனிடத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது என் அபிப்பிராயம்.

பழங்காலத்துச் சகோதர சகோதரிகளின் பால்யத்தில் விளையாட்டைக் காட்டிலும் முந்தியது இடுப்பு. மூத்தவள் பெண்ணாகப் பிறந்துவிட்டால், அவளுக்கு ஆறேழு வயது ஆவதற்குள் அடுத்த குழந்தை அவள் இடுப்புக்கு வந்துவிடும். தாய் வயலுக்கோ அடுப்புக்கோ போகும் வரையில் ஒரு தாயும், போன பின்பு மற்றொரு தாயுமாக அக்குழந்தை வளரும். இவ்வாறு வளர்த்த அக்காவுக்குத் தமிழர் வைத்திருக்கும் உச்சமான உதாரணம் திலகவதியார். ஏழாம் நூற்றாண்டிலே திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்த அவருக்குக் கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவரை மணம் பேசியிருந்தார்கள். தந்தை நோயால் இறந்தார். தாயும் அவரைத் தொடர்ந்தார். போருக்குச் சென்ற கலிப்பகையாரும் களத்தில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், அப்படியானால் தமக்கைக்கு முன்னே தான் இறப்பேன் என்று காலில் விழுந்த தம்பி மருணீக்கியாருக்காக உயிரை வைத்துக்கொண்டார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் விஸ்தாரமாகச் சொல்லுகிறார். அந்தத் தம்பியே பின்னர்த் திருநாவுக்கரசராய் உலகறிய நின்றவர். சமணம் சார்ந்து பெரும்பதவி வகித்து, சூலை நோய் கண்டபோது அவர் ஓடிவந்து விழுந்த இடம் எந்த மடமும் அன்று. திருவதிகையில் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்த அக்காளின் வாசல். பக்தியைக் கருதி இக்கதையைப் படிப்பவர்கள், தாய் தந்தையரை இழந்த இரண்டு பிள்ளைகளின் வீடு ஒன்று இதற்குள்ளே இருப்பதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

தங்கை என்ற உறவைச் சங்கப் புலவர் ஒருவர் மரத்துக்கே கொடுத்துவிட்டார். நற்றிணையின் 172ஆம் பாட்டில், தோழியரோடு மணலில் விளையாடுகையில் புதைத்து மறந்த விதையிலிருந்து முளைத்து, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கப்பட்ட புன்னை, அம்மரம் அவளுக்குத் தங்கை, அவளினும் சிறந்தவள் என்று அன்னை கூறக் கேட்ட பெண்ணுக்கு, அதன் நிழலிலே காதலனோடு பேசுவதற்கு நாணத்தைத் தருகிறது. ஆனால் ஆணும் பெண்ணுமாகப் பிறந்த குழந்தைகள் சேர்ந்து ஆடியதைப் பற்றிப் பழைய நூல்கள் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கணமோ அவர்களைத் தனித்தனியே பிரித்தே வைக்கிறது: ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிறுமியர் மணலிலே கட்டிய சிறுவீட்டை மிதித்துக் கலைப்பதை ஆண்குழந்தையின் பருவங்களுள் ஒன்றாகவே புலவர்கள் வகுத்துவிட்டார்கள். அண்ணன்மாரோடு வளர்ந்த எந்தப் பெண்ணும் அந்த வகுப்பிலே பிழை காணமாட்டாள்.

சேர்ந்து கழித்த நாட்கள் எத்துணைக் குறுகியனவோ, அத்துணை நீளமாகப் பின்னால் வரும் சடங்குகள் அமைந்தன. அவற்றுள் மிகவும் பழமையின் சாயல் உடையதாக எனக்குத் தோன்றுவது கணுப்பிடி. பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில், பொங்கற் பானையில் கட்டியிருந்த மஞ்சட் கொத்தை எடுத்து, மூத்த சுமங்கலிகள் இளையவர் நெற்றியிலே கீற்றுவார்கள். பிறகு பெண்கள் ஆற்றங்கரையிலோ முற்றத்திலோ மொட்டைமாடியிலோ மஞ்சள் இலையைப் பரப்பி, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் நிறமாகப் பிசைந்த சோற்றையும், சர்க்கரைப் பொங்கலையும், தயிர்ச் சாதத்தையும் சிறு சிறு பிடிகளாக வைத்து, காக்கைக்கும் குருவிக்கும் அழைப்பு விடுத்து, உடன்பிறந்தான் குடும்பம் காக்கைக் கூட்டம்போலக் கலையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அதன் பிறகே ஸ்நானம். ஆண்களுக்கு இதில் இடமில்லை. அவர்களுடைய கடமை கணுச்சீர் அனுப்புவது மாத்திரமே. மணமாகாத சிறுமியும் பிடி வைப்பாள். பேரன் பேத்தி எடுத்த கிழவியும் வைப்பாள். கிழவியின் தமையனுக்கு எண்பது வயதானாலும், மணியார்டரில் சில ரூபாயாவது வந்து சேராவிட்டால் அவளுக்கு அந்தத் தை மாதம் விடிந்த மாதமாகாது. தபால்காரர்கள் கணுவுக்கு முந்திய வாரத்தில் நன்றாக வரவேற்கப்பட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

விவாகச் சடங்குகளிலும் சகோதரனும் சகோதரியும் முக்கியமான இடங்களை விடாமற் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கினிக்கு முன் மணமகளின் கைகளில் பொரியை அள்ளி இடுகிறவன் அவள் உடன்பிறந்தான்; அவனுக்கு மைத்துனன் மோதிரம் உண்டு. தாலியின் முதல் முடிச்சை மணமகன் இட, எஞ்சியவற்றை முடிக்கிறவள் அவன் சகோதரி. கொங்கு நாட்டு வேளாளரிடையே வழங்கும் இணைச்சீர் இவற்றினும் விசேஷமானது. மணமகள் வந்து உட்காருவதற்கு முன்பே மணமகனோடு அவன் உடன்பிறந்தாளை நிறுத்தி, இருவரையும் ஒரு துணியால் இணைத்துச் செய்யும் அந்தச் சீரில், மனைவி வருகிறாள் என்பதனால் சகோதரியின் பாத்தியதை தீர்ந்துபோகாது என்பதைச் சபையறிய நிலைநாட்டுகிறார்கள். பின்னாளில் இவன் பிள்ளைக்கு அவள் பெண், அவள் பிள்ளைக்கு இவன் பெண் என்கிற உரிமையும் அதற்குள்ளே அடங்கியதாகக் கருதப்பட்டது. பிறகு சகோதரி தாயாகும்போது அவன் தாய்மாமனாகிறான். முதல் முடி எடுப்பதும் காது குத்துவதும் அவன் மடியிலே. மருமகள் பெரியவளானால் பச்சை ஓலையால் குச்சுக் கட்டுவதும், தட்டு வரிசை எடுத்து மேளதாளத்தோடு வருவதும் அவன் பொறுப்பு. தங்கையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றிய பையன், அவள் குழந்தையைத் தூக்கிக்கொள்ளும் உரிமையைச் சபையிலே வாங்கிக்கொள்கிறான்.

மனிதரோடு நில்லாமல் தெய்வங்களையும் இந்த வழக்கத்துக்குள் இழுத்துவிட்டது நம் ஜனங்களின் சாமர்த்தியம். தைப்பூசத்தன்று சமயபுரத்து மாரியம்மன் கொள்ளிடத்தின் வடகரைக்கு எழுந்தருளுகிறாள். தமையனாகிய ஸ்ரீரங்கத்து அரங்கநாதன் சார்பில் பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களும் தட்டுகளிலே அங்கே வந்து சேருகின்றன. சைவ வைஷ்ணவ வேறுபாடுகளைப் பற்றி நூல் நூலாக எழுதிய பண்டிதர்கள், ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் அண்ணன் வீட்டுச் சீர் வந்து இறங்குவதை எவ்வாறு கணக்கிட்டார்களோ தெரியவில்லை. மதுரையிலோ விஷயம் இன்னும் ருசிகரமானது. திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்ட காலத்தில், மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு பொருத்தினார் என்பது வரலாறு. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தருவதற்காகவே அழகர் வருகிறார் என்பது கோயிற் சம்பிரதாயம். ஜனங்களோ, தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்ட அண்ணன், தாமதமாக வைகையை அடைந்து, தாலி கட்டியாகிவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபத்தோடு ஊருக்குள் நுழையாமலே திரும்பிவிட்டார் என்று கதை கட்டினார்கள். திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வருஷந்தோறும் உரிய நேரத்தில் மதுரைக்கு வந்து தாரை வார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆயினும் ஜனங்களின் உள்ளத்தில் நிற்கிறவர் நேரத்துக்கு வராமல் கோபித்துக்கொண்ட அண்ணனே. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அப்படி ஒருவன் இருப்பதனாலே அவரைப் புரிந்துகொள்ளுவது சுலபமாயிற்று.

1949, 50ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துமோன், 1957இல் வெளியிட்ட தம் நூல்களில் இந்தச் செய்முறைகளுக்கு நுட்பமான விளக்கம் ஒன்றைக் கூறினார். தாய்மாமன் கொடுப்பது தாய்வழி இரத்த பாசத்தினால் அன்று. அவன் தகப்பனுக்கு மைத்துனன். பெண் கொடுத்த வீட்டுக்கும் கொண்ட வீட்டுக்கும் இடையே விவாகத்தினால் பிறந்த சம்பந்தமே தலைமுறை தோறும் கொடையாகத் தொடர்கிறது என்பது அவர் முடிவின் சாரம். தட்டு வரிசைகளையும், அவற்றைத் திருப்பிச் செய்யும் கணக்குகளையும் விளக்குவதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் அகப்படாது. செய்முறை நோட்டுகளைக் கண்ணால் கண்டவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆயினும் எனக்கு அது முழுமையாகத் திருப்தி தரவில்லை. கணுப்பிடி வைக்கும் எட்டு வயதுச் சிறுமிக்குப் புருஷனும் இல்லை, அவள் தம்பிக்கு மைத்துனன் என்ற ஸ்தானமும் இன்னும் வரவில்லை. அந்தக் காலையில் அவள் வேண்டிக்கொள்வது, நேற்றுத்தான் தன் கரும்புத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பையனுக்காக. விவாகத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிற ஒன்றை விவாகத்தின் விளைவு என்று எப்படிச் சொல்வது?

இனி, சீரைப் பாசம் ஒன்றினாலேயே விளக்கிவிட முனைவதும் நேர்மையாகாது. அக்காலத்துத் தர்மசாஸ்திர நடைமுறையில் பூர்வீக நிலத்திலும் வீட்டிலும் பெண்ணுக்குப் பங்கு கிடையாது. நகை, பாத்திரம், ரொக்கம் என்று விவாகத்தில் கொடுத்தது கொடுத்ததே. ஆகவே சகோதரன் ஆண்டுதோறும் அனுப்பிய புடவையும் வெல்லமும் அரிசியும், கிடைக்காத பங்குக்கு வட்டிபோல வந்துகொண்டிருந்தன. அவன் நல்லவனாக இருந்தால் வந்தன. அவன் மனைவி இடங்கொடுத்தால் வந்தன. இடங்கொடாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நல்லதங்காள் கதை தென்பாண்டி நாட்டுக்கு நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பஞ்சம் தாங்காமல் ஏழு குழந்தைகளோடு பிறந்தகம் தேடி வந்தவளை, அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருந்த வேளையில் அண்ணி மூளி அலங்காரி பட்டினி போட்டுக் கொடுமை செய்ய, பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்தாள். வத்திராயிருப்புக்கு அருகில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. இக்கதையைப் பாடியவர்கள் பழியனைத்தையும் அண்ணியின் தலையில் போட்டார்கள். பிறந்த வீட்டின் களஞ்சியத்தில் நல்லதங்காளுக்கு ஒரு மரக்கால் நெல் உரிமையாக இருந்திருக்குமானால், அண்ணியின் குணம் எப்படியிருந்தாலும் கதையே இல்லை என்பதை ஒருவரும் பாடவில்லை. அண்ணியும் எங்கோ ஓர் அண்ணனைப் பிரிந்து சிறு வயதிலே வந்தவள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது வயதைப் பற்றிய சட்டம். 1891ஆம் ஆண்டுச் சம்மத வயதுச் சட்டம் தாம்பத்தியத்துக்குரிய வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதேயன்றி விவாகத்தைத் தொடவில்லை. அதற்கே எழுந்த கூக்குரல் கொஞ்சமன்று. ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த மசோதா 1929இல் சட்டமாகி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை விதித்தது. சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இச்சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டார், தில்லியில் எம்.கே. ஆச்சாரியார் போன்ற வைதிகர்கள் எதிர்த்து வாதாடினார்கள். 1930 ஏப்ரல் முதல் தேதியில் அமலுக்கு வருமுன் கிடைத்த சில மாதங்களுக்குள், தேசமெங்கும் தாய்தந்தையர் குழந்தைகளை அவசர அவசரமாக மணையில் உட்கார வைத்தார்கள். ஆயினும் காலம் சட்டத்தின் பக்கமே சாய்ந்தது. 1949இல் பெண்ணின் வயது 15 ஆயிற்று; 1978இல் 18 ஆயிற்று. ஒவ்வொரு திருத்தமும் மனைவியாகப் போகிறவளைக் கருதிச் செய்யப்பட்டது. ஆனால் ஒவ்வொன்றும் திண்ணையிலிருந்த அந்தப் பையனுக்கும் அவன் விளையாட்டுத் துணையைச் சில வருஷம் நீட்டித்துக் கொடுத்தது.

அக்காளின் இடுப்பை விடுவித்தது வேறொன்று. ஏழை வீடுகளில் பெண் பள்ளிக்கு வராததற்குக் காரணம் படிப்பின்மேல் வெறுப்பன்று, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமைதான் என்பதை எந்தக் கிராமத்து ஆசிரியரும் அறிவார். 1956இல் காமராஜர் ஆட்சியில் விரிவாகத் தொடங்கிய மதிய உணவு, மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமோ இரண்டு வயது முதலான குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டதனால், பால்வாடிக்குத் தம்பியும் பக்கத்துப் பள்ளிக்கு அக்காவும் ஒரே வேளையில் போக வழி பிறந்தது. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாருமாகப் பதினேழு பதினெட்டு வயது வரையில் ஒரே கூரையின் கீழ்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டு சண்டையிடுவது, நம் சரித்திரத்தில் மிகவும் புதிய காட்சி. இதற்கு இன்னும் ஒரு காவியமும் ஏற்படவில்லை.

சொத்தின் கதைக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்குப் பங்கு தந்தும், பிதிரார்ஜிதத்தில் பிறப்புரிமையை மகனுக்கே விட்டுவைத்தது. அந்தக் குறையை 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம் நீக்கிற்று. 2005இல் மத்திய அரசும் அவ்வழிக்கு வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25ஆம் தேதிக்கு முன் விவாகமானவர்களை விலக்கியதனால், ஒரே தாய் வயிற்றுச் சகோதரிகளுள் மூத்தவள் சீருக்கு மாத்திரம் உரியவளாகவும், இளையவள் பங்குக்கே உரியவளாகவும் அநேக வீடுகளில் நின்றார்கள். சட்டசபையில் அந்தத் தேதியை எழுதியவர்கள், அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே அது எவ்வளவு நீளமான கோடாகும் என்று எண்ணியிருக்க நியாயமில்லை.

இப்போது சார்பதிவாளர் அலுவலகங்களில் அதிகமாகப் பதிவாகும் பத்திரங்களுள் விடுதலைப் பத்திரமும் ஒன்று. தகப்பனார் காலமான பின், சகோதரிகள் தங்கள் பாகத்தைச் சகோதரனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறார்கள். சிலர் சிறு தொகை பெற்றும், சிலர் ஒரு பட்டுப்புடவையோடு திருப்தியடைந்தும், சிலர் ஒன்றுமே பெறாமலும். இதைத் தியாகம் என்று புகழ்கிறவர்களும் ஏமாளித்தனம் என்று இகழ்கிறவர்களும் உண்டு. நான் இரண்டு கட்சியிலும் சேர்ந்தவனல்லன். பங்கை வாங்கிக்கொண்டவளுக்கு அடுத்த தை மாதம் கணுச்சீர் வருவதில்லை, அவள் மகளுக்குக் குச்சுக் கட்ட மாமன் வருவதில்லை என்பதை அந்தப் பெண்கள் வக்கீல்களைக் காட்டிலும் நன்றாக அறிவார்கள், அறிந்தே கையெழுத்திடுகிறார்கள். பங்கையும் கொடுத்து, சீரையும் நிறுத்தாத சகோதரர்கள் அபூர்வமாகவேனும் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் அறிந்த வரையில் அவர்களிற் பலர், தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரே சைக்கிளில் பத்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள்.